தஞ்சை அரண்மனையிற் கண்ட திருமேனிகள்
(சங்கத்தின் திங்கட் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சென்ற கூட்டத்தில் எழுந்ததொரு வினாவைப் பற்றியே இன்று சில சொல்லப் புகுகின்றேன். நம் உறுப்பினர் சிலர் குடும்பத்தோடு தஞ்சை சென்று, பெரிய கோயிலைத் தொழுது, அரண்மனைக் கலைக்கூடத்தையும் கண்டு மீண்டனர். அவருள் முதிய அம்மையார் ஒருவர், “பூவும் இன்றி, விளக்கும் இன்றித் தெய்வத்தைக் காட்சிப்பொருளாக நிறுத்தி வைத்தல் தகுமோ?” என்று வினவினார். அவையில் இளைஞர் சிலர் நகைத்தனர். அவ்வினா நகைத்தற்கு உரியதன்று. கற்றோரும் எளிதில் விடை கூறுதற்கு அரியது.

அவ்வரண்மனை தஞ்சையை ஆண்ட நாயக்க மன்னரால் தொடங்கப்பெற்றது. 1673-இல் நாயக்கர் ஆட்சி வீழ்ந்தது. அதன்பின் வந்த மராட்டிய வேந்தர் அதனை விரித்துக் கட்டி உறைந்தனர். 1855-இல் ஆண்வழி வாரிசு இல்லையென்று காட்டி ஆங்கிலக் கும்பினியார் அவ்வரசை முடித்தனர். அரசர் வீற்றிருந்த மண்டபங்கள் பொலிவிழந்து கிடந்த நிலையில், 1951-இல் அவற்றுள் ஒரு பகுதி கலைக்கூடமாயிற்று. சோழநாட்டு வயல்களிலும் சிதைந்த கோயில்களிலும் கேட்பாரற்றுக் கிடந்த கற்சிலைகளும் செப்புத்திருமேனிகளும் அங்கே குடிபுகுந்தன. அரசர் ஒழிந்த மாளிகையில் ஆண்டவர் வந்து அமர்ந்தனர் என்னலாம். அருகிலேயே சரசுவதி மகால் நூல்நிலையம் உள்ளது. 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோசி மன்னர் பேணி வளர்த்த அச்சுவடிச் செல்வத்தைப் பற்றித் தனியே ஒருநாள் பேசவேண்டும். ஆகலின் இன்று விடுக்கின்றேன்.

கலைக்கூடம் புகுவோர் முதலிற் காணத்தக்கது திருவெண்காட்டு ரிஷபவாகனர் திருமேனி. ஏறக்குறைய மூன்றரை அடி உயரம். சடையே தலைப்பாகைபோலச் சுற்றி, பாம்புகளாற் பிணிக்கப்பெற்றுள்ளது. வலக்கை விடையின் முதுகில் ஊன்றியதுபோல வளைந்து நிற்கின்றது. ஆனால் விடை அங்கே இல்லை! அது கிடைத்திலது. வெறும் வெளியிலே ஊன்றிய அக்கையைக் காண்போர், இல்லாத விடையைத் தம் மனத்தாலே வார்த்துக் கொள்கின்றனர். தொழிலாளன் அத்துணை இயல்பாக அச்சாய்வை அமைத்துள்ளான். அவ்வூர்க் கோயிற் கல்வெட்டினால், முதலாம் இராசராசனது 26-ஆம் ஆட்சியாண்டாகிய கி.பி. 1011-இல் இப்பெருமான் எழுந்தருளியிருந்தார் என்பதும், அடுத்த ஆண்டில் தேவியார் திருமேனியும் உடன் அமைந்தது என்பதும் அறிகின்றோம். பின்னர் எக்காலத்தோ, எவரோ அஞ்சி இத்திருமேனிகளை மண்ணுள் மறைத்தனர். சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில் மண்ணே அவற்றை மீளக் கொடுத்தது. மறைத்தவர் திரும்பி வந்து எடுக்கவில்லை என்பதை எண்ணும்போது நெஞ்சம் கனக்கின்றது.

இவை செய்யப்படும் வகையை நம் பிள்ளைகள் அறிதல் வேண்டும். தேன்மெழுகோடு குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துப் பிசைந்து, முதலில் மெழுகிலேயே உருவத்தை முற்றுவிப்பர். அதன்மேல் நுண்ணிய வண்டல் மண்ணைப் பூசி, பின் பருமண்ணும் அப்பிக் காயவிடுவர். நெருப்பிலிட மெழுகு உருகி வெளியேறும். உள்ளே வெற்றிடம் நிற்கும். உருக்கிய உலோகத்தை அவ்விடத்தில் வார்த்து, ஆறியபின் மண்ணை உடைப்பர். ஓர் அச்சு ஓர் உருவத்திற்கே உதவும். உடைத்தபின் மற்றொன்று அதனின்று பிறவாது. ஆகவே ஒரு திருமேனி களவுபோயின், போனது போனதே. இத்தொழிலைச் சுவாமிமலையில் இன்றும் கண்ணாரக் காணலாம்.

கற்சிலைகளுள் தாராசுரத்தினின்று வந்த யானையுரித்த பெருமானை மட்டும் சொல்லி அமைகின்றேன். யானைத் தோலை விரித்து அவர் ஆடும் வேகத்தைக் கண்டு உமையம்மை வெருவி ஒதுங்கும் நிலையைக் கல்லிலே காட்டிய சிற்பியைப் புகழச் சொல்லில்லை. இதனருகே நில்லாது, வாயிலிலே தலையாட்டிப் பொம்மை விலை பேசுவதில் ஒரு நாழிகை கழிப்போரும் உளர். பொம்மையும் நன்றே, அதனைத் திரும்பும்போது வாங்கலாகாதோ?

இனி அம்மையார் வினாவிற்கு வருவோம். திருமேனிக்கு உரிய இடம் கோயிலே என்பதில் எனக்கு ஐயமில்லை. விழாவிலே வீதியுலா வருதற்கென்றே வார்க்கப்பட்டவை அவை. ஆயினும், பூட்டும் காவலும் அற்ற சிற்றூர்க் கோயிலினும் அருங்காட்சியகம் நன்று. அருங்காட்சியகத்தில் எவரும் சென்று காணலாம். களவாடப்பட்டுக் கடல்கடந்து ஒரு செல்வர் இல்லத்தில் மறைவதை யார் காண்பர்? பத்தூர் நடராசர் வரலாற்றை நோக்குக. 1976-இல் நிலத்தை அகழ்ந்த ஓர் உழைப்பாளிக்கு அத்திருமேனி கிடைத்தது. அவர் அதனை அரசிற்கு அறிவியாது விற்றார். கைமாறிக் கைமாறி அஃது இலண்டன் சேர்ந்தது. அங்கே வழக்கு நிகழ்ந்து, 1991-இல்தான் கோயிலின் உரிமை நிலைநாட்டப்பெற்றது. சிதைந்து கிடந்ததொரு கோயிலையும் வழக்காடும் உரிமையுடையதாக அயல்நாட்டு நீதிமன்றம் ஏற்றது வியத்தற்குரியது. வறியவரைப் பழித்தல் எளிது; அவர்க்குச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர் யார்? நிலத்தடியிற் புதையல் கண்டவர் ஆட்சித்தலைவர்க்கு அறிவித்தல் வேண்டும் என்பது 1878-ஆம் ஆண்டுப் புதையற் சட்டத்தின் விதி. வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும் நம்மவர் ஒவ்வொருவரும் இதனை அறிந்திருத்தல் வேண்டும்.

களவுபோன திருமேனிகளை மீட்பதற்குப் பெருந்துணையாய் நின்றவை புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தார் பல்லாண்டுகளாக ஊர்தோறும் சென்று எடுத்துவைத்த நிழற்படங்கள். ஸ்ரீபுரந்தான் கோயில் நடராசர் ஆஸ்திரேலிய நாட்டுக் கலைக்கூடத்தினின்று 2014-இல் திரும்பியதற்கும் அத்தகைய படமே சான்றாயிற்று. படம் இல்லாத திருமேனி எம்முடையது என்று எவ்வாறு நிறுவுவது? இன்று கைப்பேசி இல்லாத வீடு அரிது. திருமண விருந்தின் இலையைக்கூடப் படமெடுக்கின்றோம். குலதெய்வக் கோயிலின் உற்சவரை அளவு கண்டு, முன்னும் பின்னும் பீடமும் தெரியப் படமெடுத்து வைத்தோமா?

ஆகவே நிர்வாகிகளிடம் ஒன்று வேண்டுகின்றேன். அடுத்த திங்களில் இளைஞர் நால்வர் கோயிலார் இசைவு பெற்று நம் ஊர்க் கோயில்களுக்குச் செல்லட்டும். திருமேனிகளின் படத்தோடு உயரம், பீடத்து எழுத்து, காணப்படும் சிதைவு ஆகியவற்றைக் குறித்து வரட்டும். படி ஒன்று கோயிலாரிடமும், ஒன்று சங்கப் பெட்டகத்திலும் இருக்கட்டும். எவ்வூரில் என்ன உள்ளது என்பதை இவ்விதழில் வெளியிட்டுக் கள்வர்க்கு வழிகாட்டுதல் வேண்டா. பீடத்து எழுத்தைப் படித்துத் தரும் பணியை யான் ஏற்றுக்கொள்கின்றேன். விருப்பமுடைய இளைஞர் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் தருக.