பிள்ளையின் சாப்பாட்டுப் பெட்டிக்கு ஓர் அவல் துண்டு



விடியக்காலையில் ரொட்டி தட்டி வைத்துவிட்டுப் பெரட்டுக்கு ஓடுகிற அவசரம் எங்களுக்குத் தெரியும். ஆனால் 2016ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி, தோட்டங்களில் ஐந்து வயதுக்குட்பட்ட 100 பிள்ளைகளில் ஏறக்குறைய 32 பேருக்கு வயதுக்கேற்ற உயரமில்லை. நாடு முழுவதும் பார்த்தால் 17 பேர்தான்.

அதனால் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்க. 2 கோப்பை அவலை வெறுஞ்சட்டியில் மொறுமொறுன்னு வறுங்க. 1 கோப்பை கச்சானை வறுத்து, தோல் நீக்கி, இடிச்சுக்குங்க. பூஞ்சணம் பிடித்ததை, கசக்கிறதை வீசிடுங்க. நம்ம கேகாலை, இரத்தினபுரிப் பக்கத்துக் கித்துள் கருப்பட்டி 1 கோப்பை தூளாக்கி, 3 மேசைக்கரண்டி தண்ணீர் விட்டுக் காய்ச்சுங்க. ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் உருட்ட வரணும், அதுதான் பதம். எல்லாத்தையும் கிளறி, எண்ணெய் தடவிய தட்டில் அழுத்தி, சூடு ஆறுமுன் துண்டு போடுங்க. இறுக்கமாக மூடிய டின்னில் ஒரு வாரம் இருக்கும்.

போத்தலில் சாயத்தண்ணி வேண்டாம், கொதித்தாறிய தண்ணீர் கொடுங்க. நாம் பறிக்கிற தேயிலைதான். ஆனாலும் சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைக் குறைத்துவிடும்.

ரொட்டிக்குப் பதிலாக அல்ல, ரொட்டியோடு ஒரு துண்டு வையுங்க.