மயூர் விஹாரில் நம் பாதுகாப்பு
(சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் பேட்டையில் திருட்டு பற்றிப் பேச வேண்டும் என்று காரியதரிசி கேட்டுக்கொண்டார். தில்லி என்றாலே செயின் பறிப்புதான் ஞாபகம் வரும். காலையில் நடக்கப் போகும் மாமிகள் இரட்டை வடத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவது உத்தமம். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பாரதீய நியாய சன்ஹிதா, 304-ஆவது பிரிவில் பறிப்பைத் தனிக் குற்றமாக்கி, மூன்று ஆண்டு வரை சிறை என்கிறது. அது போகட்டும்.

எனக்குக் கவலை தருவது 'டிஜிட்டல் அரெஸ்ட்'. உங்கள் பெயரில் வந்த பார்சலில் போதை மருந்து இருக்கிறது என்று ஃபோன் வரும். பிறகு வீடியோவில் காக்கிச் சட்டை. யாரிடமும் சொல்லாதே, காமிராவை விட்டு நகராதே என்று மிரட்டல். கடைசியில், சரிபார்க்க வேண்டும் என்று சொல்லி எஃப்.டி.யை உடைத்து அனுப்பச் சொல்வார்கள். அம்பாலாவில் ஒரு முதிய தம்பதி, உச்ச நீதிமன்றத்தின் பெயரில் காட்டிய போலி உத்தரவை நம்பி ஒரு கோடிக்கு மேல் இழந்தார்கள். 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தானாக முன்வந்து அதை வழக்காக எடுத்துக்கொண்டு, டிசம்பரில் சி.பி.ஐ. விசாரணைக்கு உத்தரவிட்டது.

படித்தவர்கள் எப்படி ஏமாறுகிறார்கள் என்று கேட்கிறார்கள். படித்ததால்தான் என்பது என் அபிப்பிராயம். முப்பது வருஷம் சர்க்காரில் குப்பை கொட்டிய நமக்கு, முத்திரையையும் ஃபைல் நம்பரையும் கண்டால் கை தானாகக் கட்டிக்கொள்கிறது. மானம் போய்விடுமே என்ற பயம் வேறு. அமெரிக்காவில் இருக்கும் பிள்ளையிடம்கூட வாய் திறப்பதில்லை. அந்த மௌனம்தான் திருடனுக்கு மூலதனம்.

வீடியோவில் கைது செய்வதற்கு நம் சட்டத்தில் இடமே கிடையாது. ஃபோனை வைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930. திருடன் அதை அடுத்தடுத்த கணக்குகளுக்கு மாற்றுவதற்குள் சொன்னால், வங்கி நிறுத்தி வைக்க வழி உண்டு. சம்பந்தி வரை கலந்தாலோசித்துவிட்டு மறுநாள் ஃபோன் செய்தால் பிரயோஜனமில்லை.

தனியாக இருப்பவர்கள் தில்லி போலீஸின் மூத்த குடிமக்கள் பிரிவில் பதிவு செய்துகொள்ளுங்கள்; எண் 1291. பீட் கான்ஸ்டபிள் வந்து விசாரித்துவிட்டுப் போவார். பதிவு செய்யத் தெரியாதவர்கள் ஞாயிறு காலை பத்து மணிக்கு என் வீட்டுக்கு வரலாம். காபி உண்டு.