சலூன் பிளேடு: நாம பயப்பட வேண்டிய வைரஸ் எது?

எங்க சங்கரன்கோவில்ல ஆடித்தபசு நெருங்கிடுச்சுன்னா சலூன்ல உட்கார இடம் இருக்காது. கூட்டம் கூடக்கூட கை வேகமாகும். அந்த அவசரத்துல விட்டுப்போகக்கூடிய ஒரு சின்ன வேலையைப் பத்திதான் இன்னைக்குப் பேச்சு: பிளேடு மாத்துறது.

"சலூன்ல வெட்டுப்பட்டா எய்ட்ஸ் வந்துருமா?" இதுதான் எல்லாரும் கேக்குற கேள்வி. 1986-ல சென்னையில டாக்டர் சுனிதி சாலமனும் அவரோட மாணவி நிர்மலாவும் இந்தியாவோட முதல் எச்ஐவி தொற்றுகளைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்கப்புறம் பரவின பயத்துக்கு, நாம புது பிளேடு கேட்டு வாங்குற பழக்கத்துல பெரிய பங்கு உண்டு. பழக்கம் நல்லதுதான். ஆனா எச்ஐவி உடம்புக்கு வெளியே ரொம்ப பலவீனமானது. ரத்தம் காயக் காய அதோட வீரியம் போயிடும். சலூன் வழியா அது பரவுற வாய்ப்பு மிக மிகக் குறைவு.

யோசிக்க வேண்டியது ஹெபடைட்டிஸ் பி. கண்ணுக்கே தெரியாத காய்ஞ்ச ரத்தத்துலகூட இது குறைஞ்சது 7 நாள் உயிர்ப்போட இருக்கும். ஒரு ஒப்பீடு சொல்றேன். ஆஸ்பத்திரியில நோயாளிக்குப் போட்ட ஊசி ஊழியர் கையில குத்திட்டா, எச்ஐவி தொத்துற வாய்ப்பு 0.3 சதவீதம். தடுப்பூசி போடாதவங்களுக்கு ஹெபடைட்டிஸ் பி தொத்துற வாய்ப்பு 6 முதல் 30 சதவீதம். சலூன் கீறல் ஊசி அளவுக்கு ஆழமா இருக்காது, அதனால ஆபத்தும் அதைவிடக் குறைவுதான். ஆனா எது பெரிய ஆள்னு இதுல புரியும்.

பெரியவங்களுக்கு இது வந்தா பெரும்பாலும் தானாவே சரியாயிடும். சிலருக்கு மட்டும் உடம்புலயே தங்கிடும். வருஷக்கணக்கா எந்த அறிகுறியும் காட்டாம, கல்லீரல் சுருக்கம், புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோகும்.

அப்போ சலூன்ல எதைக் கவனிக்கணும்? முதல்ல, கிருதாவும் பின்கழுத்தும் எடுக்குற கத்தி. அதுல பாதியா ஒடிச்ச புது பிளேடு போடணும். ரெண்டாவது, தோலோட ஒட்டி ஓடுற ஜீரோ மெஷின். மூணாவது நாம கவனிக்கவே கவனிக்காதது: படிகாரக் கட்டி. கீறல் விழுந்த இடத்துல தேய்க்கிறதுதானே அது? அதே கட்டி அடுத்தவர் கன்னத்துக்கும் போகுது. "அண்ணே, படிகாரம் வேண்டாம்"னு சொன்னா போதும். டெட்டால் தண்ணியில ஒரு முக்கு முக்கி எடுக்குறதால பழைய பிளேடு சுத்தமாயிடாது.

இதைவிட உறுதியான பாதுகாப்பு தடுப்பூசி. 6 மாசத்துல 3 டோஸ். குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்துல இது நாடு முழுக்க வந்தது 2011-லதான். அதனால இதைக் கேட்டுட்டு இருக்குற இருபது, முப்பது வயசுக்காரங்கள்ல பலர் போட்டிருக்க வாய்ப்பில்ல. வீட்டுல பழைய தடுப்பூசி அட்டை இருந்தா எடுத்துப் பாருங்க. சந்தேகமா இருந்தா ஒரு ரத்தப் பரிசோதனை பண்ணிட்டு, டாக்டர்கிட்ட கேட்டுப் போட்டுக்கங்க. 2018-ல தொடங்கின தேசிய வைரல் ஹெபடைட்டிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்துல அரசு மருத்துவமனைகள்ல பரிசோதனையும் சிகிச்சையும் இலவசம்.

கடைசியா ஒண்ணு. இந்தக் கதையில கத்தி பிடிக்கிற அண்ணனை வில்லனா ஆக்கிடாதீங்க. நாம மாசத்துக்கு ஒரு தடவை அந்த நாற்காலியில உட்காருறோம். அவர் தினமும் பல பேரோட கீறலைத் தொடுறார், வெறும் கையால பிளேடு ஒடிக்கிறார். நம்மளைவிட அதிக ஆபத்து அவருக்குத்தான். நம்ம ஊர்ல இந்தத் தொழில் செய்யுற சமூகத்துக்கு மருத்துவர்னே பேர். ஒரு காலத்துல ஊருக்கு வைத்தியமும் பிரசவமும் பார்த்தவங்க அவங்கதான்.

அதனால கேக்குற விதத்துல மரியாதை இருக்கட்டும். "அண்ணே, புதுசு போட்டுக்கங்க"ன்னு சொல்லுங்க. ஒரு டீக்காசுகூட ஆகாது. அப்படியே, "நீங்க தடுப்பூசி போட்டாச்சாண்ணே?"ன்னும் கேளுங்க. அந்தக் கேள்வியை அவர்கிட்ட இதுவரைக்கும் யாரும் கேட்டிருக்க மாட்டாங்க.