அடுப்பங்கரைப் பாடம்



ஓய்வு பெற்ற தலைமையாசிரியன் ஒருவன் வானொலியில் பேச வந்தால், ஒழுக்கத்தைப் பற்றியோ தேர்வுக்குப் படிக்கும் முறையைப் பற்றியோதான் பேசுவான் என்று நீங்கள் எண்ணியிருப்பீர்கள். நான் இன்று பேசப்போவதோ சமையலைப் பற்றி. அதிலும், கோழிக்கறி, மக்ரோனி, பால், சீஸ் ஆகியவற்றை ஒரே கலத்தில் சேர்த்து வெதுப்பி எடுக்கும் ஓர் அயல்நாட்டு உணவைப் பற்றி. நகைக்க வேண்டா. இதில் ஒரு பாடம் இருக்கிறது. அதை நான் மிகவும் காலந்தாழ்த்திக் கற்றேன். நீங்கள் காலத்தே கற்றுக்கொள்ள வேண்டும் என்பதே என் விருப்பம்.

நான் அறிவியல் ஆசிரியனாகப் பணி தொடங்கியவன். வெப்பம் பரவும் முறைகள் மூன்று. கடத்தல், சலனம், கதிர்வீச்சு என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியவன். பணி ஓய்வு பெற்ற ஆண்டில் என் மனைவியார் கடுங்காய்ச்சலில் படுத்தார். அவருக்குக் கஞ்சி வைத்துக் கொடுக்க நான் அடுக்களைக்குள் நுழைந்தேன். நொய் எவ்வளவு, நீர் எவ்வளவு என்று அறியேன். தீயைக் குறைக்கத் தெரியவில்லை. கிளற வேண்டும் என்பதும் தெரியவில்லை. அடிப்பிடித்துக் கரிந்த கஞ்சியை அவர் முன் கொண்டுபோய் வைத்தேன். அவர் ஒரு வாய் உண்டுவிட்டு, "வகுப்பில் சொல்லும்போது கரிவதில்லை, அல்லவா?" என்றார். அவர் சிரித்தபடிதான் சொன்னார். எனக்கோ தலை கவிழ்ந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் கையால் உண்ட எனக்கு, அவருக்கு ஒரு கிண்ணம் கஞ்சி வைத்துத் தர இயலவில்லை. அவர் தேறி எழுந்தபின் அவரிடமே மாணவனாகச் சேர்ந்தேன்.

சென்ற விடுமுறையில் பேரனும் பேத்தியும் சென்னையிலிருந்து வந்திருந்தனர். எங்கள் ஊர் திருவண்ணாமலை. இரமண மகரிஷி 1896-இல் இவ்வூருக்கு வந்து, 1950-இல் மறையும்வரை இங்கேயே வாழ்ந்தார். பால் பிரண்டன் என்னும் ஆங்கிலேயர் அவரைக் கண்டு எழுதிய நூல் 1934-இல் வெளிவந்த பின்னர் அவர் பெயர் மேனாடுகளிலும் பரவிற்று. இன்றும் பல நாட்டினர் இங்கு வந்து தங்குகின்றனர். ஆதலால் செங்கம் சாலை உணவகங்களில் இட்லியோடு பாஸ்தாவும் கிடைக்கிறது. அப்பெயர்ப் பலகையைக் கண்ட பிள்ளைகள், "தாத்தா, கோழிக்கறி சேர்த்து இதை வீட்டில் செய்யலாமா?" என்று கேட்டனர். மறுநாள் பௌர்ணமி. கிரிவலத்துக்கு ஊர் நிறைய மக்கள் கூடும் நாள்; அன்று எங்கள் வீட்டில் புலால் சமைப்பதில்லை. "நாளன்றைக்கு ஆகட்டும்" என்றார் பாட்டியார்.

இவ்வுணவை மேனாட்டார் கேசரோல் என்பர். நம் இல்லங்களில் கேசரோல் என்றால் இட்லியைச் சூடு ஆறாமல் வைக்கும் பெட்டி. உண்மையில் அச்சொல் சமைக்கும் கலத்தையும் குறிக்கும். அக்கலத்தில் வெந்த உணவையும் குறிக்கும். முறையும் நமக்குப் புதியதன்று. ஆம்பூர்ப் பிரியாணியை எண்ணிப் பாருங்கள். 1989-இல் பிரியும்வரை ஆம்பூரும் எங்கள் ஊரும் ஒரே வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தவை. இறைச்சியையும் சீரகச் சம்பா அரிசியையும் பாதி வேகவைத்து, ஒரே கலத்தில் சேர்த்து மூடி, மூடியின் மேலும் தணல் இட்டுத் தம் போடுவர். கீழும் மேலும் வெப்பம் என்பதே அதன் நுட்பம். ஓவன் என்னும் வெதுப்படுப்பு செய்வதும் அதுவே.

நால்வருக்கு வேண்டிய அளவுகளைச் சொல்கிறேன்: மக்ரோனி 250 கிராம், எலும்பில்லாத கோழிக்கறி 400 கிராம், வெண்ணெய் 50 கிராம், மைதா 50 கிராம், பால் முக்கால் லிட்டர், துருவிய சீஸ் 100 கிராம், வெங்காயம் ஒன்று, பூண்டு நான்கு பல், மிளகுத்தூள் ஒரு தேக்கரண்டி, உப்பு. மேலே தூவ, உலர்ந்த ரொட்டித்தூள் ஒரு கைப்பிடி.

முதலில் மக்ரோனி. நல்ல மக்ரோனி டியூரம் என்னும் கடினக் கோதுமையின் ரவையால் ஆவது. நம் நாட்டில் மத்தியப் பிரதேசத்தில் அது மிகுதியாக விளைகிறது. அதிலுள்ள புரதம் வலிய வலைபோல் மாவுச்சத்தைப் பிடித்துக்கொள்வதால், கொதிநீரில் அது குழைவதில்லை. இரண்டரை லிட்டர் நீரில் உப்பிட்டுக் கொதிக்கவைத்து, உறையில் குறித்த நேரத்துக்கு இரண்டு நிமிடம் முன்னதாகவே வடித்துவிடுங்கள். எஞ்சிய வேக்காடு பாலில் நடைபெறும்.

அடுத்தது கோழிக்கறி. பச்சைக் கறியில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும். குழாயடியில் நீர் தெறிக்கக் கழுவினால் அவை மேடையெங்கும் பரவும். ஆகவே கழுவாமல் சமைப்பதே நலம் என்பது உணவுப் பாதுகாப்பு அறிஞர் கருத்து. கறி நறுக்கிய கத்தியையும் பலகையையும் கைகளையும் சோப்பிட்டுக் கழுவிய பின்னரே வேறொன்றைத் தொடுங்கள். துண்டுகளைச் சிறிதாக்கி, வெங்காயம் பூண்டுடன் வதக்கி, முழுவதும் வேகவிடுங்கள். கறியின் நடுப்பகுதி 74 பாகை செல்சியசை எட்ட வேண்டும். வெப்பமானி இல்லையெனில், பெரிய துண்டொன்றை வெட்டிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பு சிறிதும் தெரியலாகாது.

மூன்றாவது வெள்ளைச் சாஸ். இங்கேதான் பேரன் இடறினான். கொதிக்கும் பாலில் மைதாவை அப்படியே கொட்டினான். பால் முழுவதும் கட்டி கட்டியாயிற்று. "கொட்டிவிடலாம் பாட்டி" என்றான். அவர் வடிகட்டியை எடுத்து, கட்டிகளைக் கரண்டியால் தேய்த்துச் சாஸைத் திருத்தினார். பிறகு, "கேழ்வரகுக் கூழ் காய்ச்சும்போது மாவை ஏன் முதலில் தண்ணீரில் கரைக்கிறோம்?" என்று கேட்டார். பேரனுக்கு விடை தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது. மாவு மணிகள் வெந்நீர் பட்டதும் பருத்துப் பசையாகும். கொத்தாக விழுந்தால் வெளிப்புறம் உடனே பசையாகி, உட்புற மாவுக்கு நீர் செல்லாமல் அடைத்துவிடும். அதுவே கட்டி. மணிகளை முன்னரே பிரித்துவிட்டால் கட்டி விழாது. கூழில் அவற்றைப் பிரிப்பது குளிர்ந்த நீர். சாஸில் பிரிப்பது வெண்ணெய். ஆகவே வெண்ணெயை உருக்கி, மைதாவை இட்டு, நிறம் மாறாமல் இரண்டு நிமிடம் சிறு தீயில் வறுத்து, பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கிளறுங்கள். கரண்டியின் பின்புறத்தில் படியும் அளவு கெட்டியானதும் இறக்கி, மிளகும் உப்பும் பாதிச் சீஸும் சேருங்கள். அறிவியலை நான் நூலில் படித்தேன். அதே அறிவியலை அவர் பெயர் சொல்லாமல் நாற்பதாண்டு கையில் வைத்திருந்தார் என்பது அன்று எனக்கு விளங்கியது.

இனி மூன்றையும் கலந்து கலத்தில் பரப்பி, மிச்சச் சீஸையும் வெண்ணெயில் பிரட்டிய ரொட்டித்தூளையும் மேலே தூவி, 190 பாகை வெப்பத்தில் இருபத்தைந்து நிமிடம் வையுங்கள். உள்ளே ஈரம் இருக்கும்வரை அங்கே வெப்பம் 100 பாகையைத் தாண்டாது. அதனால் அகம் குழைவாக இருக்கும். மேற்பரப்பு மட்டும் உலர்ந்து சூடேறிப் பொன்னிறமாகி மணக்கும். இம்மாற்றத்தை லூயி கமீல் மயார் என்னும் பிரெஞ்சு வேதியியலார் 1912-இல் விளக்கினார். தோசையின் முறுகலும் அதே மாற்றந்தான்.

வெதுப்படுப்பு இல்லாதோர் கவலற்க. பிரஷர் குக்கரின் வளையத்தையும் குண்டையும் நீக்கி, அடியில் கல்லுப்பைப் பரப்பி, நீர் ஊற்றாமல் பத்து நிமிடம் சூடாக்கி, உள்ளே ஒரு தாங்கியின் மேல் எவர்சில்வர்க் கலத்தை வைத்து மூடி, சிறு தீயில் அரை மணி நேரம் விடலாம். மேலே அவ்வளவாகச் சிவக்காது. ஆதலால் ரொட்டித்தூளை முன்பே வறுத்துத் தூவுங்கள். கண்ணாடிக் கலம் வேண்டா. முதன்முறை செய்யும்போது பெரியவர் ஒருவர் உடனிருக்கட்டும். புலால் உண்ணாதோர் காளானோ காலிபிளவரோ சேர்க்கலாம். மிஞ்சியதை வெளியே விட்டுவைக்காதீர்கள். நம் கோடையில் ஒரு மணி நேரத்துக்குள் குளிர்பெட்டியில் வைத்துவிட வேண்டும்.

மாணவர்களே! இந்த ஓர் உணவைச் செய்ய அளத்தல் வேண்டும், காத்திருத்தல் வேண்டும், தூய்மை வேண்டும், ஏன் என்று கேட்கும் அறிவு வேண்டும். இவை பெண்களுக்கு மட்டும் உரிய குணங்களா? இரமண மகரிஷி விடியுமுன் எழுந்து ஆசிரம அடுக்களையில் காய் நறுக்கினார், மாவரைத்தார், எதையும் வீணாக்க விடமாட்டார். உலகம் தேடி வந்து வணங்கிய ஒருவருக்கு இழிவாகப் படாத வேலை, நமக்கு எப்படி இழிவாகும்?

நான் தலைமையாசிரியனாக எத்தனையோ மாணவர்களின் மதிப்பெண் ஏட்டில் கையொப்பமிட்டேன். வெப்பத்தைப் பற்றி ஐந்து மதிப்பெண் விடை எழுதத் தெரிந்து, தாய்க்கு ஒரு வேளைக் கஞ்சி வைக்கத் தெரியாத பிள்ளைகளையும் தேறியவர் என்றே அனுப்பினேன். என் ஆசிரியப் பணியில் நேர்ந்த பெருங்குறை அது. அதைத் திருத்தும் வாய்ப்பை இன்று இவ்வொலிபெருக்கி எனக்குத் தந்திருக்கிறது.

ஆகவே ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். இந்த வாரம் ஒரு நாள், உங்கள் தாயாரை அமரச் சொல்லி, நீங்களே சமைத்துப் பரிமாறுங்கள். மக்ரோனியாகவே இருக்க வேண்டுமென்பதில்லை, கஞ்சியானாலும் போதும். அடிப்பிடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.