மந்தமானவர் யார்?

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கலந்துகொண்ட பயிற்சி வகுப்பில் பேசியதன் சுருக்கம்)



"கூட்டாக வேலை செய்யுங்கள்" என்று மானேஜரும் சொல்கிறார், நாமும் சொல்கிறோம். இரண்டும் ஒன்றா?

நூற்பாலையில் ரிங் பிரேமை எடுத்துக்கொள்வோம். தானாகவே பாபின் கழற்றும் யந்திரம் வந்துவிட்ட ஆலைகளை விட்டுவிடுவோம். கையால் கழற்றும் இடத்தைப் பற்றியே பேசுகிறோம். நூல் நிறைந்ததும் பிரேம் நிற்கிறது. டாபர்கள் இருபுறமும் நின்று நிறைந்த பாபினை உருவி, காலி பாபினைச் செருகுகிறார்கள். பிறகு ஓடவிட்டு, அறுந்த இழைகளை ஒட்டுகிறார்கள். ஐந்து பேர் முடித்துவிட்டாலும் ஆறாவது ஆள் முடிக்கும்வரை பிரேம் ஓடாது.

நாங்கள் சங்க வேலை பார்த்த ஓர் ஆலையில், ஒரு டாபர் மந்தம் என்று சூபர்வைசர் எழுதிவைத்தார். ஆளை நீக்கப் போவதாகப் பேச்சு. வெட்கத்தோடு சொல்கிறோம், கோஷ்டியிலேயே நான்கு பேர் அதற்குத் தலையாட்டினார்கள்.

ஷிப்டு முடிந்ததும் ஆறு பேரையும் உட்கார வைத்தோம். முதலில் எவரும் வாய் திறக்கவில்லை. மேஸ்திரி காதுக்குப் போய்விடுமோ என்ற பயம். கடைசியில் மூத்தவர் ஒருவர் தம் தவறையே முதலில் சொன்னார்: காலி பாபின் வண்டியை எப்போதும் தம் பக்கமே நிறுத்திக்கொள்வாராம். அதன் பிறகே பேச்சு வந்தது. 'மந்தமானவர்' வண்டிக்கு நடந்தே நேரத்தைத் தொலைத்திருக்கிறார். அவர் பக்கம் டிராவலர்கள் தேய்ந்து கிடந்தன. காற்றில் ஈரம் போதாமல் இழையும் ஓயாமல் அறுந்தது. அவரிடமும் குறை இல்லாமல் இல்லை, மறைப்பானேன்? கைப்பழக்கம் போதவில்லை. பக்கத்து ஆள் கற்றுக்கொடுத்தார்.

நடவு வயலில் நம் பெண்கள் இதைக் கூட்டம் போடாமலே செய்கிறார்கள். வயதான அம்மாளை இரண்டு கெட்டிக்காரிகளுக்கு நடுவே நிறுத்தி, அவர் விட்ட இடத்தை இருபுறமும் நட்டுக்கொண்டே போகிறார்கள். நாற்று முடி வரப் பிந்தினால் சுமப்பவரை வரப்பிலேயே கேட்டுவிடுகிறார்கள். மனதில் வைத்துப் புழுங்குவதில்லை.

மார்க்ஸ் 1867-ல் வெளியிட்ட 'மூலதனம்' முதல் பாகத்தில் கூட்டுழைப்புக்கென்றே ஓர் அத்தியாயம் உண்டு. நூறு பேரின் உழைப்புச் சக்தியைத் தனித்தனியே வாங்கும் முதலாளி, அவர்கள் சேர்வதால் பிறக்கும் புதிய சக்திக்கு விலை கொடுப்பதில்லை என்று அதிலே விளக்குகிறார். ஆறு டாபருக்கு ஆறு கூலி. அவர்கள் ஒன்றுபட்டதால் வந்த வலு முதலாளிக்கு இனாம்!

அந்த ஆலையில் அதைக் கண்ணால் கண்டோம். கோஷ்டி சீராக ஓடத் தொடங்கியதும், "இனி ஐந்து பேர் போதுமே" என்றார் சூபர்வைசர். இப்படி வரும் என்று முன்கூட்டி யோசிக்காதது எங்கள் தவறு. ஆனால் முன்பு தலையாட்டிய நால்வரும்தான் முதலில் எழுந்து, "ஆறு பேரும் இருப்போம், ஆள் கணக்கைச் சங்கத்தோடு பேசுங்கள்" என்றார்கள்.

பேச்சுவார்த்தை இரண்டு மாதம் இழுத்தது. ஆறு பேரும் நின்றார்கள். ஈரக்காற்று யந்திரத்தைப் பழுது பார்க்க வைக்கத்தான் இன்னும் ஒரு மாதம் பிடித்தது.