மலையேறிய பாட்டு

கம்பம் பள்ளத்தாக்குத் தமிழ்ப் பெருமக்களே!

1956இல் மொழிவழி எல்லை வகுத்தோர் தேவிகுளத்தையும் பீர்மேட்டையும் கேரளத்தோடே நிறுத்தினர். அங்கே தேயிலைக் கொழுந்து கிள்ளிய கைகளிற் பெரும்பாலானவை தமிழ்க்கைகள். அதனை எவர் கருதினார்?

1958 கோடையில் தேவிகுளத்தில் இடைத்தேர்தல். நம்பூதிரிபாடு அமைச்சரவைக்கோ மிகச் சிறிய பெரும்பான்மை. பொதுவுடைமைக் கட்சியின் உரோசம்மா புன்னூசு அம்மையாருக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் மலையேறினார். தோட்டத் தொழிலாளரிடையே பாடினார். அவர்கள் வாய்மொழியே பாட்டு. நாட்டுப்புற மெட்டே பண். அம்மையார் வென்றார். வாக்குக் கேட்கத் தமிழ் வேண்டியிருந்தது. எல்லை வகுக்கையில் மட்டும் வேண்டாதாயிற்று!

அவர் தம்பி இளையராசா 1976இல் 'அன்னக்கிளி'யால் புகழ்பெற்றபோது அண்ணன் உயிரோடில்லை. அம்மலைப்பாட்டுகளைக் கேட்ட முதியோர் உங்கள் ஊரில் இருப்பின், இன்றே சென்று எழுதிக்கொள்ளுங்கள்.