மீட்டரில் துடிக்கும் சிவப்பு விளக்கு
(செங்கல்பட்டில் அறிவியல் ஆசிரியர்களுக்கான பணியிடைப் பயிற்சியில் பேசியதன் எழுத்து வடிவம்)



மாமல்லபுரத்துக்குத் தெற்கே, கடலோரப் பள்ளி ஒன்றில் பணிபுரிகிறேன். ஏழாம் வகுப்பில் ஒருநாள், "வீட்டில் மின்சாரத்தைச் சிக்கனமாகப் பயன்படுத்துங்கள்" என்று வழக்கம்போல் சொன்னேன். ஒரு மாணவி எழுந்தாள். "சார், எங்க வீட்ல ஒரு ஃபேன், ரெண்டு லைட்டு, ஒரு டி.வி. ரெண்டு மாசத்துக்கு நூறு யூனிட்கூட வராது. நாங்க எதைக் குறைக்கணும்?"

எனக்குப் பதில் வரவில்லை. 100 யூனிட் வரை இலவசம். அந்த வீட்டில் கட்டணமே இல்லை. என் வீட்டிலோ இரண்டு ஏ.சி. கோடையில் 500 யூனிட்டைத் தாண்டுகிறோம். தாண்டினால் 101 முதல் 200 யூனிட் வரையிலான குறைந்த கட்டணமும் கைநழுவிவிடும். அதையே அன்றுதான் உட்கார்ந்து பார்த்தேன்.

மறுவாரம் பாடத்தை மாற்றிக்கொண்டேன். மின்னணு மீட்டரில் ஒரு சிவப்பு விளக்கு துடிக்கும். எத்தனை துடிப்புக்கு ஒரு யூனிட் என்று மீட்டர் முகப்பிலேயே அச்சிட்டிருக்கும். 3200 என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு (ஃபிரிட்ஜை மறந்துவிடாதீர்கள், நான் மறந்தேன்) ஒரு பொருளை மட்டும் ஓடவிட்டு எண்ண வேண்டும். 1000 வாட் இஸ்திரிப் பெட்டிக்கு நிமிடத்துக்கு 53 துடிப்பு. 75 வாட் மின்விசிறிக்கு நான்கு. ரிமோட்டில் டி.வி.யை அணைத்த பிறகும் விளக்கு மெதுவாகத் துடித்தது. செட்டாப் பாக்ஸ்! பிள்ளைகளுக்கு அதுதான் பெரிய கண்டுபிடிப்பு. மீட்டரைத் தொடக்கூடாது, பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும் என்பதை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.

பிறகு கணக்கு. அந்த 75 வாட் விசிறி நாளுக்கு 16 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 72 யூனிட். பி.எல்.டி.சி. வகை விசிறி 30 வாட் என்றால் 29 யூனிட்தான். விலை அதிகம், ஆகவே நாள் முழுக்க ஓடும் அறைக்கு முதலில் மாற்றினால் போதும். ஃபிரிட்ஜைச் சுவரோடு ஒட்டி வைக்காதீர்கள், பின்புறச் சுருளில் தூசு படியவிடாதீர்கள்.

ஏ.சி.யில் ஒரு டிகிரி கூட்டினால் சுமார் 6 விழுக்காடு மிச்சமாகும் என்கிறது எரிசக்தித் திறன் பணியகம். எங்கள் வீட்டில் இப்போது 26-இல் வைத்து, கூடவே விசிறியும் போடுகிறோம். கடந்த முறை 500-க்குள் வந்துவிட்டோம். அந்த மாணவிதான் மாதாமாதம் கேட்கிறாள், "சார், உங்க வீட்ல எவ்ளோ வந்துச்சு?"